மலேரியா ஒட்டுண்ணியின் வளர்சிதை மாற்றத்தில் புதிய மருந்து இலக்கைத் தேடுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் 26 கோடியே 30 லட்சம் பேருக்கு மலேரியா வந்தது. 5,97,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஆப்பிரிக்காவில் ஐந்து வயதைத் தொடாத குழந்தைகள். இன்று இந்த நோயின் சிகிச்சைக்கு முதுகெலும்பாக இருப்பது ஆர்ட்டெமிசினின் கூட்டு மருந்துகள். அவற்றின் வேகத்தைக் குறைக்கும், ஒட்டுண்ணியின் கெல்ச்13 மரபணு மாற்றங்கள் முதலில் மேகாங் ஆற்றுப் பகுதியில் பரவின. பிறகு ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் தனியாகவே தோன்றின. புதிய மருந்து வேண்டும். அது பழைய மருந்துகள் தாக்காத இடத்தைத் தாக்க வேண்டும்.

அந்த இடத்தை, அதாவது மருந்தின் இலக்கை, ஒட்டுண்ணியின் வளர்சிதை மாற்றத்தில் எப்படித் தேடுவது என்பதுதான் இந்த வழிகாட்டி. உயிர்வேதியியல், உயிர்த்தகவலியல், மருந்தியல் படித்துவிட்டு இந்தத் துறைக்குள் நுழைபவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். முதல் பாதியைக் கணினி முன் உட்கார்ந்தே செய்துவிடலாம். பின் பாதிக்கு ஒட்டுண்ணி வளர்ப்பு வசதியுள்ள ஆய்வகம் தேவை.

தொடங்கும் முன் ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். பலரும் கேட்கும் முதல் கேள்வி, "இந்த நொதி மனிதரிடம் இல்லையே, இது நல்ல இலக்குதானே?" என்பது. அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வர வேண்டிய கேள்வி. "இந்த நிலையில், இந்தச் சூழலில், இந்த நொதி இல்லாவிட்டால் ஒட்டுண்ணி சாகுமா?" என்பதே முதலில் வர வேண்டும். இந்த வரிசை மாறியதால் வீணான உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல.

படி 1: எந்த நிலையைக் கொல்லப் போகிறீர்கள்?

கொசு கடித்ததும் உள்ளே வரும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே பெருகிச் சிவப்பணுக்களுக்குள் நுழைகிறது. பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி இனத்தில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை சிவப்பணு வெடித்து புதிய ஒட்டுண்ணிகள் வெளியேறுகின்றன. காய்ச்சலும் உயிரிழப்பும் இந்த இரத்த நிலையால்தான். இவற்றில் ஒரு சிறு பகுதி பால்அணு முன்னோடிகளாக மாறி, அடுத்த கொசுவுக்குள் போகக் காத்திருக்கிறது. மற்றொரு மலேரியா இனமான விவாக்ஸுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, பிறகு விழித்துக்கொள்ளும் வடிவம்.

ஒவ்வொரு நிலையிலும் ஒட்டுண்ணி கிட்டத்தட்ட வேறொரு உயிரி. குளுக்கோஸ் நிறைந்த இரத்தத்தில் அது குளுக்கோஸை உடைத்து ஆற்றல் பெறும் கிளைக்காலிசிஸை நம்பி வாழ்கிறது. தொற்றுள்ள சிவப்பணு, தொற்றில்லாததைவிட 100 மடங்கு வரை குளுக்கோஸைச் செலவழிக்கும். கொசுவுக்குள் போனதும் மைட்டோகாண்டிரியா முழு வேலையில் இறங்குகிறது. அதனால் காகிதத்தின் மேலே முதலில் எழுத வேண்டியது நிலையின் பெயர். நோயாளியைக் காப்பாற்றும் மருந்தா? நோய் வராமல் தடுப்பதா? பரவலை நிறுத்துவதா? இதற்குப் பதில் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இந்த வழிகாட்டி பெரும்பாலும் இரத்த நிலையைப் பற்றியது.

படி 2: எதைத் தானே செய்கிறது, எதை எடுத்துக்கொள்கிறது?

ஃபால்சிபாரத்தின் மரபணுத்தொகுதி 2002இல் வெளியானது. 14 குரோமோசோம்கள், சுமார் 2 கோடியே 30 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள், 5,300 அளவில் மரபணுக்கள். எழுத்துகளில் 80 சதவீதம் அடினின், தைமின் மட்டுமே. அந்த வரிசை இன்று பிளாஸ்மோடிபி என்ற மலேரியா மரபணு இணையத்தளத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மரபணுவுக்கும் எந்த நேரத்தில் வெளிப்படுகிறது, எங்கே தங்குகிறது என்ற தரவுகளும் கூடவே கிடைக்கும். வளர்சிதைப் பாதைகளுக்கு ஹகாய் கின்ஸ்பர்க் கையால் தொகுத்த மலேரியா பாதைத் தளம் மிகவும் பயன்படும். பல உயிரிகளின் பாதைகளைத் தொகுக்கும் கெக் தளத்தையும் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். தானியங்கி முறையில் பெயரிடப்பட்ட நொதிகளில் தவறுகள் இருக்கும். ஒரு மரபணு ஏதோ ஒரு நொதி "போல இருக்கிறது" என்பதும், அந்த வேலையைச் செய்கிறது என்பதும் ஒன்றல்ல.

இனி வரைபடத்தைப் படிக்கும் முறை. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரே கேள்வி: ஒட்டுண்ணி இதைத் தானே தயாரிக்கிறதா, இரத்தத்திலிருந்து எடுக்கிறதா, இரண்டும் முடியுமா? தானே மட்டும் தயாரிக்கிறது என்றால் அந்தத் தயாரிப்புப் பாதை இலக்கு. எடுக்க மட்டுமே முடியும் என்றால் நுழைவாயிலும் அதன் பின்னால் உள்ள நொதிகளும் இலக்கு. இரண்டும் முடியும் என்றால் பெரும்பாலும் நேரம் வீண்.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் படம் தெளிவாக விரிகிறது. டி.என்.ஏ.வுக்குத் தேவையான பியூரின்களை ஒட்டுண்ணியால் தொடக்கத்திலிருந்து செய்யவே முடியாது. அவற்றுக்கு மூலப்பொருளான ஹைப்போசாந்தினை வெளியிலிருந்து எடுத்தாக வேண்டும். டி.என்.ஏ.வின் மற்ற வகை எழுத்துகளான பிரிமிடின்கள் நேர்மாறு: வெளியிலிருந்து எடுக்கும் ஏற்பாடு இல்லை, தானே செய்தாக வேண்டும். நம் செல்களால் இரண்டு வழியும் முடியும். அமினோ அமிலங்களைப் பெரும்பாலும் ஹீமோகுளோபினைச் செரித்தே பெறுகிறது. ஆனால் வளர்ந்த மனிதரின் ஹீமோகுளோபினில் ஐசோலூசின் ஒன்றுகூட இல்லை. எனவே அதை மட்டும் இரத்த நீரிலிருந்து இழுத்தே ஆக வேண்டும். நீரில் கரையும் வைட்டமின்களில் வளர்ப்பு ஊடகத்தில் (ஆய்வகத்தில் ஒட்டுண்ணியை வளர்க்கும் சத்துநீர்) கட்டாயம் இருக்க வேண்டியது பாந்தோதெனேட். ஃபோலேட்டை அதனால் தானே தயாரிக்க முடியும்.

பழைய மருந்துகளை இந்தப் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். சல்ஃபாடாக்சினும் பைரிமெத்தமினும் ஃபோலேட் பாதையில் வந்து விழும். அட்டோவாகுவோன் மைட்டோகாண்டிரியாவின் சைட்டோகுரோம் பி மேல் விழும். குளோரோகுயின் எந்த நொதியின் மேலும் விழாது: ஹீமோகுளோபின் செரிமானத்தில் மிஞ்சும் நச்சான ஹீம் படிகமாவதை அது தடுக்கிறது. இலக்கு மரபணுவில் எழுதப்படாத ஒரு வேதிவினை என்பதால் ஒட்டுண்ணியால் அதை மாற்றிக்கொள்ள முடியவில்லை. எதிர்ப்பு வந்தபோது மருந்தை வெளியே தள்ளும் கடத்திப் புரதத்தில்தான் வந்தது. இலக்கு என்றால் புரதமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை நிதானமாக யோசிக்க வேண்டும்.

படி 3: மாற்று வழியில்லாத இடங்களைக் கணினியில் பிரிப்பது

ஒரு பொருளை உண்டாக்க ஒரே ஒரு வினை, அல்லது அதைச் செலவழிக்க ஒரே ஒரு வினை இருந்தால் அது இடுக்கான இடம். அதை அடைத்தால் தேவையான பொருள் கிடைக்காது, அல்லது தேவையற்றது தேங்கி நச்சாகும். 2004இலேயே ஃபால்சிபாரத்துக்கு இந்த முறையில் பட்டியல் போட்டுப் பார்த்தார்கள். ஏற்கெனவே தெரிந்த இலக்குகள் பெரும்பாலும் அதில் அடங்கின.

அடுத்த மட்டம் முழு வளர்சிதை மாதிரி. எல்லா வினைகளையும் ஒரு கணித அணியாக (எண்களின் கட்டமாக) எழுதி, உள்ளே வரும் சத்துகளுக்கு வரம்பு வைத்து, ஒட்டுண்ணியின் உடல் கட்டப்படும் வேகத்தை அதிகபட்சமாக்கும்படி கணக்கிடுவது. பிறகு ஒவ்வொரு வினையாக அணைத்து வளர்ச்சி பூஜ்யமாகிறதா என்று பார்ப்பது. ஃபால்சிபாரத்துக்கு இப்படிப்பட்ட மாதிரிகள் 2010 முதல் வெளிவருகின்றன. சாதாரண மடிக்கணினியில் பைத்தான் கொண்டே இதை ஓட்டிவிடலாம்.

இதில் முக்கியமானது கணக்கல்ல, நீங்கள் வைக்கும் வரம்புகள். எந்தச் சத்து எவ்வளவு உள்ளே வரலாம் என்று நீங்கள் எழுதுவதைப் பொறுத்தே முடிவு வரும். ஆய்வகத்தில் பயன்படும் ஆர்பிஎம்ஐ 1640 ஊடகத்தில் குளுக்கோஸ் 11 மில்லிமோலார். இரத்தத்தில் அதில் பாதியளவுதான். ஹைப்போசாந்தினை நாமே தாராளமாகச் சேர்க்கிறோம். மாதிரியை இரண்டு முறை ஓட்டுங்கள்: ஒருமுறை ஊடகத்தின் அளவுகளில், ஒருமுறை இரத்தத்தின் அளவுகளில். இரண்டிலும் வளர்ச்சி நின்றுபோகும் வினைகளை முதல் பட்டியலில் வையுங்கள். இரத்த அளவில் மட்டும் நின்றுபோகிறவற்றைத் தூக்கி எறிய வேண்டாம், தனியாகக் குறித்து வையுங்கள். பியூரின் கடத்தியான இஎன்டி1 அப்படிப்பட்டது. அந்த மரபணுவை நீக்கிய ஒட்டுண்ணி ஹைப்போசாந்தின் மிகுந்த ஊடகத்தில் வாழும். இரத்தத்தில் இருக்கும் அளவுக்குக் குறைத்தால் வளராது. வழக்கமான ஊடகத்தில் மட்டும் சோதித்தவர் இந்த இலக்கைக் கைவிட்டிருப்பார்.

படி 4: மரபணுவை நீக்கினால் என்ன ஆகிறது?

கணினி சொன்னதை உடனே பெரிய மரபணுத் தரவுகளோடு ஒப்பிடுங்கள். இரண்டு தொகுப்புகள் அடிப்படை. ஒன்று, 2017இல் வந்த பிளாஸ்மோஜெம்: எலிகளைத் தாக்கும் பெர்கை இனத்தில் 2,578 மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி எலிக்குள் வளர விட்டுப் பார்த்தது. மற்றது, 2018இல் வந்த பிக்கிபேக் ஆய்வு: ஃபால்சிபாரத்தின் மரபணுக்களுக்குள் தாவும் மரபுத்துண்டுகளைச் செருகி 38,000க்கும் மேற்பட்ட மாற்றுருக்களை உண்டாக்கியது. 5,399 மரபணுக்களில் 2,680 இரத்த நிலை வளர்ச்சிக்கு அவசியம் என்று அது கணித்தது.

பாதிக்குப் பாதி அவசியம் என்றால் இலக்குகளுக்குப் பஞ்சமில்லை என்று தோன்றும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். பிக்கிபேக் ஆய்வில், சின்ன மரபணுவில் செருகல் விழாமல் போனது அது அவசியம் என்பதாலா, தற்செயலா என்று சொல்வது கடினம். பெர்கை ஆய்வில், இனமே வேறு. பெர்கை முதிராத இளம் சிவப்பணுக்களை விரும்பித் தாக்கும். அவற்றில் சத்துகள் அதிகம், எனவே சில பாதைகள் அங்கே தேவைப்படாமல் போகலாம். எதிர்த்திசையிலும் பிழை வரும். ஃபால்சிபாரம் சவ்வுக் கொழுப்பைச் செய்ய, தாவரங்களில் இருப்பதைப் போன்ற பாஸ்போஎத்தனாலமின் மெத்தில்டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதியைப் பயன்படுத்துகிறது. மனிதரிடம் அது இல்லை. ஆனால் எலி மலேரியா இனங்களிலும் அந்த மரபணு இல்லை! அந்த நொதிக்கு எதிரான சேர்மத்தை வழக்கமான எலி மாதிரியில் சோதித்தால் எதுவுமே தெரியாது.

இரண்டு தொகுப்பும் ஒத்துப்போனால் நல்லது. முரண்பட்டால் அந்த முரண்பாட்டுக்கு வளர்சிதைக் காரணம் ஒன்றைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடிந்தால், அதுவே சில சமயம் நல்ல ஆய்வுத் தலைப்பாகிவிடும்.

கொழுப்பு அமிலப் பாதை சொல்லும் பாடம்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒட்டுண்ணிக்குள் அபிகோபிளாஸ்ட் என்ற உறுப்பு இருக்கிறது. பழங்காலத்தில் விழுங்கப்பட்ட பாசியின் மிச்சம். நான்கு சவ்வுகள், 35,000 எழுத்துகள் கொண்ட சொந்த டி.என்.ஏ. அதற்குள் பாக்டீரியாக்களில் இருப்பதைப் போன்ற இரண்டாம் வகைக் கொழுப்பு அமிலத் தயாரிப்பு நடக்கிறது. மனித செல்களில் அமைப்பே வேறு. 2001இல் டிரைக்ளோசான் என்ற பொருள் வளர்ப்பில் ஒட்டுண்ணியைக் கொல்வதும், அந்தப் பாதையின் ஃபேப்-ஐ நொதியைத் தடுப்பதும் வெளியானது. எல்லாம் பொருந்தியது: மனிதரிடம் இல்லாத பாதை, தடுக்கும் பொருள், சாகும் ஒட்டுண்ணி. பல குழுக்கள் அந்த நொதிக்குத் தடுப்பான்களைச் செய்யத் தொடங்கின.

2008இல் அந்த மரபணுவையே நீக்கிப் பார்த்தார்கள். இரத்த நிலையில் ஒட்டுண்ணி எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்தது. நொதியே இல்லாத அந்த ஒட்டுண்ணியையும் டிரைக்ளோசான் கொன்றது. அப்படியென்றால் அது கொன்றது வேறு வழியில். எலி மலேரியாவில் அந்தப் பாதை தேவைப்படுவது கல்லீரல் நிலையின் கடைசிக் கட்டத்தில் மட்டுமே. ஃபால்சிபாரத்திலோ கொசுவுக்குள்ளேயே தேவைப்படுகிறது என்று பிறகு தெரிந்தது.

ஹீம் தயாரிப்புப் பாதையும் இப்படித்தான்: முழுமையாக இருக்கிறது, இரத்த நிலைக்குத் தேவையில்லை, கொசுவிலும் கல்லீரலிலும்தான் தேவை. சிட்ரிக் அமிலச் சுழற்சியின் எட்டு நொதிகளில் ஆறை நீக்கியும் ஃபால்சிபாரம் இரத்தத்தில் வளர்ந்தது. பாதை இருப்பதும், நொதி வெளிப்படுவதும், தடுப்பான் கொல்வதும் சேர்ந்தாலும் இலக்குக்குச் சான்றாகாது. மரபணுச் சான்று வேண்டும்.

படி 5: அணைத்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்துப் பார்ப்பது

பட்டியல் பத்துப் பதினைந்தாகச் சுருங்கியதும் உங்கள் கையாலேயே சோதிக்க வேண்டும். சிறு ஆர்.என்.ஏ. கொண்டு மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறை ஃபால்சிபாரத்தில் வேலை செய்யாது. அதற்கான இயந்திரமே ஒட்டுண்ணியிடம் இல்லை. மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் கருவி 2014 முதல் கையில் இருக்கிறது. ஆனால் அவசியமான மரபணுவை நேரடியாக நீக்கினால் ஒட்டுண்ணியே கிடைக்காது, "கிடைக்கவில்லை" என்பது பலவீனமான சான்று. எனவே வேண்டும்போது அணைக்கும் ஏற்பாட்டைச் செருகுங்கள். ராபமைசின் கொடுத்தால் மரபணு வெட்டுப்படும் டைக்ரே முறை, டெட்ராசைக்ளின் வகைப் பொருளை எடுத்துவிட்டால் புரத உற்பத்தி நிற்கும் டெட்ஆர்-டோசி முறை, குளுக்கோசமின் கொடுத்தால் தூது ஆர்.என்.ஏ. சிதையும் ஜிஎல்எம்எஸ் முறை ஆகியவை அதிகம் பயன்படுகின்றன. வளர்சிதை நொதிகளுக்கு எனக்குப் பிடித்தது டெட்ஆர்-டோசி. ஏன் என்றால் அளவைக் கூட்டிக் குறைக்கலாம், அது அடுத்த படிக்கு உதவும். அபிகோபிளாஸ்ட் நொதிக்கு அதைப் பயன்படுத்தும்போது மட்டும் கவனம்: டெட்ராசைக்ளின்களே அந்த உறுப்பைத் தாக்கும், எனவே ஒட்டுண்ணியைத் தாக்காத அன்ஹைட்ரோடெட்ராசைக்ளினைக் குறைந்த அளவில் பயன்படுத்துகிறார்கள்.

அணைத்ததும் ஒட்டுண்ணி சாகிறது. சரி, ஆனால் நீங்கள் நினைத்த காரணத்தால்தானா? அந்த நொதி உண்டாக்கும் பொருளை ஊடகத்தில் ஊற்றிப் பாருங்கள். பிழைத்துக்கொண்டால் காரணம் உறுதி. 2011இல் எல்லன் யே, ஜோசப் டெரிசி இருவரும் இதை மிக அழகாகச் செய்தார்கள். ஐசோபென்டெனைல் பைரோஃபாஸ்பேட் என்ற ஒரே ஒரு பொருளை 200 மைக்ரோமோலார் அளவில் கொடுத்தார்கள். அபிகோபிளாஸ்ட்டையே இழந்த ஒட்டுண்ணிகள் இரத்த நிலையில் தொடர்ந்து வளர்ந்தன! நூற்றுக்கணக்கான புரதங்கள் கொண்ட ஒரு உறுப்பு, இரத்த நிலையில் இந்த ஒரு பொருளுக்காக மட்டுமே தேவைப்படுகிறது. அன்றிலிருந்து ஒரு சேர்மம் அபிகோபிளாஸ்ட்டைத் தாக்குகிறதா என்று கண்டுபிடிக்க இதுவே நேரடிச் சோதனை: இந்தப் பொருளைச் சேர்த்தால் சேர்மத்தின் நஞ்சு போய்விடுகிறதா என்று பார்த்தால் போதும்.

படி 6: எவ்வளவு தடுக்க வேண்டும், எவ்வளவு நேரம்?

மரபணுவை நீக்குவது நூறு சதவீதத் தடை. மருந்து அப்படி வேலை செய்யாது. உடலில் அதன் அளவு ஏறி இறங்கும். சில நொதிகளில் 95 சதவீதத்தை அடக்கினாலும் மிச்சமுள்ள 5 சதவீதம் போதுமானதாக இருக்கும். சிலவற்றில் பாதியை அடக்கினாலே வளர்ச்சி தடுமாறும். இரண்டாவது வகைதான் வேண்டும். புரத அளவைப் படிப்படியாகக் குறைத்து, எந்த அளவில் வளர்ச்சி சரிகிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள்.

வேகமும் முக்கியம். அபிகோபிளாஸ்ட்டின் புரத உற்பத்தியைத் தடுக்கும் டாக்சிசைக்ளின், கிளிண்டமைசின் போன்றவை கொடுக்கப்பட்ட 48 மணி நேரச் சுற்றில் ஒட்டுண்ணி தாக்குப்பிடித்து, அடுத்த சுற்றில்தான் சாகிறது. நோய் வராமல் தடுக்க அது போதும். மூளை மலேரியாவோடு வரும் குழந்தைக்குப் போதாது.

படி 7: இப்போதுதான் மனித நொதியோடு ஒப்பீடு

மனிதரிடம் இல்லாத நொதி என்றால் வசதிதான், ஆனால் கட்டாயமில்லை. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பிரிமிடின் பாதையில் உள்ள டைஹைட்ரோஓரோடேட் டிஹைட்ரஜனேஸ். மனிதரிடமும் உண்டு, மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் லெஃப்ளுனோமைட் அதைத்தான் தடுக்கிறது. ஆனால் தடுப்பான் அமரும் குழி இரண்டிலும் வெவ்வேறு அமினோ அமிலங்களால் ஆனது. அந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி உருவான டிஎஸ்எம்265 மனித நொதியைத் தொடாமல் ஒட்டுண்ணி நொதியை மட்டும் பிடித்து, மனிதச் சோதனை வரை சென்றது. எனவே வரிசை ஒற்றுமைச் சதவீதத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். குழியைச் சுற்றியுள்ள இருபது முப்பது அமினோ அமிலங்களைப் பாருங்கள். படிக அமைப்பு இல்லையென்றால், புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருளின் கணிப்பு தொடக்கத்துக்கு உதவும். ஃபால்சிபாரப் புரதங்களில் இடையிடையே நீளமான அஸ்பராஜின் தொடர்கள் வரும். அந்தப் பகுதிகளின் கணிப்பை நம்ப வேண்டாம்.

குழியைத் தாண்டியும் வேறுபாடு இருக்கும். பைரிமெத்தமின் தாக்கும் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸை எடுத்துக்கொள்ளுங்கள். மனித செல்லில் அந்த நொதி தடுக்கப்பட்டால், செல் உடனே அந்தப் புரதத்தை அதிகம் தயாரித்து ஈடுகட்டிவிடும். ஒட்டுண்ணியால் அப்படிச் செய்ய முடியவில்லை என்று 2002இல் காட்டினார்கள். அதாவது பாதுகாப்பின் ஒரு பகுதி மருந்தின் வடிவத்தில் இல்லை, நம் செல்லின் கட்டுப்பாட்டு முறையில் இருக்கிறது. நொதியை மட்டும் குழாயில் வைத்துச் சோதிப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

படி 8: நொதியைச் செய்து, சோதனை முறை அமைப்பது

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடினினும் தைமினும் மிகுந்த மரபணு ஈ.கோலை பாக்டீரியாவில் சரியாக வெளிப்படாது. குறியீடுகளை மாற்றியமைத்த செயற்கை மரபணுவை வரவழையுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் கோதுமை முளையின் செல்லற்ற உற்பத்தி முறை நன்றாக உதவுகிறது. நொதிச் சோதனையோடு எப்போதும் இரண்டு செல் சோதனைகள் சேர்ந்தே ஓட வேண்டும்: டி.என்.ஏ.வோடு ஒட்டி ஒளிரும் சைபர் கிரீன் சாயம் கொண்டு 72 மணி நேர ஒட்டுண்ணி வளர்ச்சி, ஹெப்ஜி2 மனிதக் கல்லீரல் செல்களில் நச்சுத்தன்மை. ஒட்டுண்ணியில் குறைந்தது இரண்டு வகை: மருந்துகளுக்கு எளிதில் ஆட்படும் 3டி7, பல மருந்துகளை எதிர்க்கும் டிடி2.

நொதியை நன்றாகத் தடுத்தும் ஒட்டுண்ணி சாகவில்லை என்றால் சேர்மம் உள்ளே போகிறதா என்று பாருங்கள். அபிகோபிளாஸ்ட்டில் இருக்கும் நொதி என்றால் மருந்து சிவப்பணுச் சவ்வு, ஒட்டுண்ணியைச் சுற்றியுள்ள உறை, ஒட்டுண்ணியின் சொந்தச் சவ்வு, உறுப்பின் நான்கு சவ்வுகள் எல்லாவற்றையும் கடக்க வேண்டும்.

படி 9: சேர்மம் அந்த இலக்கைத்தான் தாக்குகிறதா?

முழு வேலையிலும் மிகக் கடுமையாக இருக்க வேண்டிய இடம் இது. குறைந்தது மூன்று தனித்தனிச் சான்றுகள் ஒரே நொதியைச் சுட்ட வேண்டும்.

முதலாவது, எதிர்ப்பை வேண்டுமென்றே வளர்ப்பது. ஒரு கோடி முதல் நூறு கோடி வரை ஒட்டுண்ணிகளை மருந்தழுத்தத்தில் வைத்து, பிழைத்தவற்றின் முழு மரபணுத்தொகுதியையும் படிப்பது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு 37 சேர்மங்களுக்கு எதிர்ப்புப் பெற்ற 262 ஒட்டுண்ணி வம்சங்களின் மரபணுத்தொகுதிகளைப் படித்து, பல புதிய இலக்குகளை வெளிக்கொண்டுவந்தது. கிடைத்த மாற்றத்தைக் கிரிஸ்பர் மூலம் புதிய ஒட்டுண்ணியில் வைத்தால் எதிர்ப்பும் கூடவே வர வேண்டும்.

இரண்டாவது, வளர்சிதைப் பொருள்களின் தடம். சேர்மத்தைக் கொடுத்துச் சில மணி நேரத்தில் நிறை அளவீட்டுக் கருவியில் பார்த்தால், தடுக்கப்பட்ட நொதிக்கு முன்னால் உள்ள பொருள் தேங்கும். பிரிமிடின் பாதையோ மைட்டோகாண்டிரியாவின் எலக்ட்ரான் கடத்தலோ தடைபட்டால் டைஹைட்ரோஓரோடேட்டும் கார்பமாயில் அஸ்பார்ட்டேட்டும் உயரும். அது கைரேகை மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லலாம். செத்துக்கொண்டிருக்கும் ஒட்டுண்ணியில் எல்லாமே மாறும் என்பதால் மாதிரியை முன்கூட்டியே எடுங்கள்.

மூன்றாவது, வெப்பத்தில் புரதம் குலைவதைப் பார்ப்பது. மருந்து ஒட்டிய புரதம் அதிக வெப்பம் தாங்கும். குவினைன் மருந்து, பியூரின் நியூக்ளியோசைட் பாஸ்போரிலேஸ் என்ற நொதியோடு ஒட்டுவது 2019இல் இப்படித்தான் தெரியவந்தது.

இவற்றோடு, மாற்று நொதியைக் கொடுத்துக் காப்பாற்றும் சோதனையும் உண்டு. 2007இல் அகில் வைத்யாவின் குழு ஈஸ்டின் டைஹைட்ரோஓரோடேட் டிஹைட்ரஜனேஸை ஃபால்சிபாரத்துக்குள் வைத்தது. ஈஸ்ட் நொதிக்கு, எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும் மைட்டோகாண்டிரியாவின் யுபிகுவினோன் தேவையில்லை. அந்த ஒட்டுண்ணி அட்டோவாகுவோனையே பொருட்படுத்தாமல் வளர்ந்தது. இரத்த நிலையில் எலக்ட்ரான் கடத்தல் சங்கிலியின் கட்டாய வேலை ஆற்றல் உற்பத்தி அல்ல, பிரிமிடின் தயாரிப்புக்கு யுபிகுவினோனைத் திருப்பித் தருவதுதான் என்று அதில் தெளிவானது. இன்றும் ஒரு சேர்மம் அந்தச் சங்கிலியைத் தாக்குகிறதா என்று அறிய முதலில் எடுப்பது இந்த ஒட்டுண்ணியைத்தான். வளர்சிதை ஆய்வில் இதைவிடத் தெளிவான ஒரு சோதனையை நான் அறியேன்.

எதிர்த்திசையில் வருவதும் ஒரு வழி

இதுவரை சொன்னது இலக்கிலிருந்து மருந்துக்குப் போகும் வழி. சமீபத்திய வெற்றிகள் பல மறுதிசையில் வந்தவை: முதலில் ஒட்டுண்ணியைக் கொல்லும் சேர்மம், பிறகு இலக்கு. 2010இல் கிளாக்ஸோஸ்மித்கிளைன் நிறுவனம் ஒட்டுண்ணியைக் கொல்லும் 13,533 சேர்மங்களின் அமைப்புகளை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதே ஆண்டில் ஸ்பைரோஇண்டோலோன் சேர்மங்களிலிருந்து ஏடிபி4 என்ற சோடியம் வெளியேற்றும் பம்பு வெளிச்சத்துக்கு வந்தது. சிபார்காமின் மருந்து அந்த வழியில் வந்தது. அசிட்டைல் கோஎன்சைம் ஏ சிந்தடேஸ் என்ற வளர்சிதை நொதியும் இப்படித்தான் இலக்காகத் தெரிந்தது. படி 3இல் நீங்கள் போட்ட பட்டியலையும் இந்தச் சேர்மங்களின் எதிர்ப்பு மரபணுக்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வரும் பெயர்களிடமிருந்து தொடங்குவதுதான் என் பரிந்துரை.

படி 10: எதிர்ப்பு எவ்வளவு எளிதில் வரும்?

நோய் முற்றியவரின் உடலில் ஒரு லட்சம் கோடி ஒட்டுண்ணிகள் வரை இருக்கலாம். எனவே எதிர்ப்பு உருவாகக் குறைந்தது எத்தனை ஒட்டுண்ணிகள் தேவைப்பட்டன என்ற எண்ணை ஒவ்வொரு இலக்குக்கும் அளக்க வேண்டும். நூறு கோடியில் வைத்தும் எதிர்ப்பு வரவில்லை என்றால் மிக நல்லது. ஒரு கோடியிலேயே வந்துவிட்டால் தனி மருந்தாக அது நிற்காது. பெருவில் நடந்த டிஎஸ்எம்265 சோதனையில், மருந்துக்குப் பிறகு நோய் திரும்பியவர்களில் சிலரிடம் இலக்கு நொதி மாறிய ஒட்டுண்ணி இருந்தது.

எதிர்ப்பு வந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் இல்லை. அட்டோவாகுவோனை எதிர்க்கும் சைட்டோகுரோம் பி மாற்றம் இரத்தத்தில் வாழும், ஆனால் கொசுவுக்குள் வளர முடியாமல் திணறும் என்று 2016இல் காட்டினார்கள். ஒரு நிலையில் தப்பித்தது இன்னொரு நிலையில் விலை கொடுக்கிறது. தாய்லாந்தில் உருவான பி218 சேர்மம், பைரிமெத்தமினை எதிர்க்கும் மாற்றங்கள் எல்லாம் இருந்தும், அந்த மருந்தின் இலக்கான அதே நொதிக்குள் இயற்கைப் பொருள் அமரும் எல்லைக்குள்ளேயே வளைந்து அமரும்படி வடிவமைக்கப்பட்டது. தேய்ந்துபோனதாகச் சொல்லப்பட்ட இலக்கு மறுபடி உயிர் பெற்றது. மறுபக்கம், இலக்கு மாறாமலே எதிர்ப்பு வருவதும் உண்டு: புரோலின் டி-ஆர்.என்.ஏ. சிந்தடேஸைத் தடுக்கும் ஹாலோஃப்யூஜினோனுக்கு எதிராக ஒட்டுண்ணி செல்லுக்குள் புரோலினைக் குவித்து, மருந்தைப் போட்டியில் தோற்கடித்தது. மரபணு வரிசையை மட்டும் பார்த்தால் இது தென்படாது. உங்கள் எதிர்ப்பு ஒட்டுண்ணிகளின் வளர்சிதைப் பொருள்களையும் அளந்து வையுங்கள்.

ஒப்படைக்கும் கோப்பில் என்ன இருக்க வேண்டும்

வேதியியலாளர்களிடம் இலக்கை ஒப்படைக்கும் முன் விவாக்ஸிலும் அந்த நொதியின் குழி அதேதானா என்று வரிசைகளைச் சரிபாருங்கள். முடிந்தால் நோயாளிகளிடமிருந்து நேரடியாக எடுத்த ஒட்டுண்ணிகளில் சேர்மத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் விவாக்ஸை ஃபால்சிபாரம் மாதிரி தொடர்ந்து ஆய்வகத்தில் வளர்க்க முடியாது. கோப்பில் இரத்த அளவுச் சத்துகளில் செய்த சோதனை, அணைத்துத் திருப்பிக் கொடுத்த சோதனை, எவ்வளவு அடக்கினால் சாகிறது என்ற வரைபடம், எதிர்ப்புக்குத் தேவைப்பட்ட எண், வளர்சிதைத் தடம் இவை ஐந்தும் இருக்கட்டும். தோற்ற சோதனைகளையும் அதே கோப்பில், அதே விவரத்தோடு வையுங்கள். எந்த நிலையில் எந்த நொதி தேவையில்லை என்று பதிவாகியிருந்தால், அடுத்து வரும் ஆய்வகம் அதே நொதியைத் தேடி இன்னும் மூன்று ஆண்டுகளைச் செலவழிக்க வேண்டியிருக்காது.